அத்தியாயம் 4: நிறம் பார்த்து ஆடு பிடிப்பது

மேலப்பாளையம் சந்தை செவ்வாய்க்கிழமை. விடியும் முன்பே குட்டி யானை வண்டிகள் வரிசை கட்டிவிடும். புதிதாக ஆடு வளர்க்க வருகிறவர் கண்ணில் முதலில் படுவது நிறம்தான். விற்கிறவருக்கும் அது தெரியும். முகத்தில் பளிச்சென்று கோடு விழுந்த குட்டியைத்தான் முன்னால் இழுத்துக் கட்டியிருப்பார். எட்டயபுரத்துச் சனிக்கிழமைச் சந்தையிலும் இதே கதைதான்.

நிறம் பார்த்து ஆடு பிடிக்காதே என்று சொல்லும் புத்தகங்கள் உண்டு. எனக்கு அந்தக் கட்சியில் சேர விருப்பமில்லை. நம் பகுதியில் இனத்தையே நிறத்தை வைத்துத்தான் பிரித்திருக்கிறார்கள். நாலு தலைமுறையாக ஆடு மேய்த்தவர்கள் வைத்த அடையாளம் அது. ஆட்டில் எந்த இடத்து நிறம் எதைச் சொல்லும் என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பால்கன்னி, செங்கன்னி

கன்னி ஆட்டின் தாய்நிலம் தாமிரபரணிக் கரை அல்ல. அதற்கு வடக்கே கிடக்கும் கரிசல்: சங்கரன்கோவில், கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர், சிவகாசி வட்டாரம். கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபு வளப் பணியகத்தின் இனப் பட்டியலில் கன்னி ஆடு தனி இனமாகவே பதிவாகியிருக்கிறது. உயரமான ஆடு, நீண்ட கால், நடைக்கு அஞ்சாதது. கிடாவுக்குக் கொம்பு இருக்கும். பெட்டை பெரும்பாலும் மொட்டைத் தலை. இரட்டைக் குட்டி போடுவது இந்த இனத்தில் சாதாரணம்.

உடம்பு கறுப்பு. கொம்படியில் தொடங்கி இரண்டு கண்களுக்கும் மேலாக இறங்கி, மூக்கோரம் வரை பக்கத்துக்கு ஒரு கோடு வரும். கோடு வெள்ளையாகவோ பால் நிறமாகவோ இருந்தால் பால்கன்னி. செம்மண் நிறத்தில் இருந்தால் செங்கன்னி. பலரும் முகத்தோடு நின்றுவிடுகிறார்கள். காதின் ஓரம், அடிவயிறு, தொடையின் உட்பக்கம், கால், வாலின் அடி ஆகிய இடங்களிலும் அதே நிறம் ஓட வேண்டும். சந்தையில் பேச்சு இப்படிப் போகும்:

"அண்ணாச்சி, இது கன்னியா?"

"பாத்தாத் தெரியலியா தம்பி? சுத்தக் கன்னி. விளாத்திகுளம் பக்கத்து உருப்படி."

"வாலத் தூக்கிக் காட்டுங்க."

வாலைத் தூக்கினால் அடிப்பக்கம் கறுப்பாக இருந்து, வயிறும் கறுப்பாக இருந்து, நெற்றி நடுவில் மட்டும் ஒரு வெள்ளைப் பட்டை இருந்தால் அது கன்னிக் கோடு அல்ல. வெறும் வெள்ளைத் திட்டு. எந்தக் கலப்பிலும் அப்படி விழும். கன்னிக் கோடு எப்போதும் சோடியாகத்தான் வரும், நெற்றி நடுவில் வராது. இந்த ஒரு சோதனை தெரிந்தால் சந்தையில் பாதி ஏமாற்று உங்களிடம் செல்லாது.

பால்கன்னி உசத்தியா, செங்கன்னி உசத்தியா என்று ஊருக்கு ஊர் சண்டை உண்டு. பாலிலோ குட்டியிலோ எடையிலோ கோட்டின் நிறத்தால் வித்தியாசம் வரும் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. உங்கள் பக்கம் எதற்கு விலை கூடப் போகிறதோ அதை வளருங்கள்.

இந்த வட்டாரத்து வேட்டை நாயான கன்னியும் கறுப்பு உடம்பும் வெளிர் அல்லது செம்மைக் குறிகளும் கொண்டதுதான். ஆட்டுக்கும் நாய்க்கும் ஒரே பெயர் வந்ததில் வியப்பில்லை. 

கொடி ஆடு

கன்னி கரிசலுக்கு என்றால் கொடி கடலோரத்துக்கு. தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்து உப்புக் காற்றிலும் பனங்காட்டிலும் திரிவது. ஒல்லியாக, நெடுநெடுவென்று நிற்கும். வெள்ளை உடம்பில் கறுப்புத் தெளித்தது போல இருந்தால் கரும்போரை. சிவப்புத் தெளித்தது போல இருந்தால் செம்போரை. திட்டு எங்கே விழ வேண்டும் என்ற கணக்கு இதில் கிடையாது. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிக்கும் இரண்டு விதமாக விழும். ஆகவே கொடி ஆட்டில் நிறத்தை விட உடம்பின் நீளத்தையும் காலையும் பார்ப்பதே மேல்.

செம்மறியில் நம் பகுதியின் சொந்த உருப்படி செவ்வாடு. சிறிய உடம்பு, செம்பழுப்பு நிறம். வேம்பூர் ஆடு வெள்ளையில் சிவப்புத் திட்டு. கீழக்கரிசல் அடர்ந்த செம்பழுப்பு, தலையிலும் வயிற்றிலும் காலிலும் கறுப்பு. செம்மறிக்குத் தனி அத்தியாயம் இருப்பதால் இங்கே இது போதும்.

கறுப்பு எங்கிருந்து வந்தது?

"ரெண்டும் நல்ல கன்னி, ஆனா குட்டி முழுக் கறுப்பா விழுந்திருக்கே, கிடா மாறிடுச்சோ?" ஆடு வளர்க்கிற வீடுகளில் அடிக்கடி வரும் கேள்வி இது. மேய்ச்சலுக்குப் போன இடத்தில் வேறு கிடா சேர்ந்திருக்கலாம்தான். ஆனால் சேராமலும் இது நடக்கும்.

ஆட்டு முடியில் இரண்டே சாயம்: ஒன்று கறுப்பு, மற்றது சிவப்பு. சிவப்பு நன்றாக ஏறினால் செம்மண் நிறம், மங்கினால் பால் நிறம். எந்த இடத்தில் கறுப்பு நின்று சிவப்பு வர வேண்டும் என்று முடி வேருக்குச் சொல்வது அகௌட்டி என்ற மரபணு. கன்னியில் அது முகக் கோட்டிலும் வயிற்றிலும் காலிலும் வாலடியிலும் மட்டும் வேலை செய்கிறது. மற்ற இடங்களில் சும்மா இருக்கிறது. அதனால்தான் அந்த இடங்கள் எல்லாம் ஒரே நிறத்தில் சேர்ந்தே வருகின்றன. வாலைத் தூக்கிப் பார்க்கச் சொன்னதன் காரணமும் இதுதான்.

ஒவ்வொரு ஆட்டுக்கும் இந்த மரபணு இரண்டு பிரதி. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி கன்னிக் கோடு போடும் வகை, மற்றது எங்குமே வேலை செய்யாத வகை என்றால் ஆடு வெளியே கன்னியாகத்தான் தெரியும். அப்படிப்பட்ட கிடாவும் பெட்டையும் சேர்ந்தால் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் குட்டி இரண்டு சும்மாப் பிரதிகளையும் வாங்கிக்கொண்டு முழுக் கறுப்பாக விழும். நாலு குட்டியில் ஒன்று கட்டாயம் கறுப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. ஒவ்வொரு குட்டிக்கும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

ஆகவே முழுக் கறுப்புக் குட்டி பிறந்தால் பெட்டையைக் கழித்துக் கட்டாதீர்கள். கோடு விழுந்த குட்டிகள்தான் வேண்டும் என்றால் கிடாவை மட்டும் கவனியுங்கள். பல பெட்டைகளோடு சேர்ந்தும் ஒரு கறுப்புக் குட்டிகூடப் போடாத கிடா கையில் இருந்தால் அதை விற்க அவசரப்படாதீர்கள். அதன் இரண்டு பிரதியும் கோடு போடும் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். பால்கன்னியும் செங்கன்னியும் சேர்ந்தால் இரண்டுக்கும் நடுவில் மங்கலான கோடு கொண்ட குட்டிகளும் விழும். சந்தையில் அவற்றுக்குப் பெயர் சொல்லத் தடுமாறுவார்கள், விலையில் மட்டும் தடுமாற மாட்டார்கள்.

நிறத்துக்காக ஒரே கிடாவைப் பிடித்துக்கொண்டு, அதன் மகள்களோடும் பேத்திகளோடும் சேர்ப்பது மட்டும் கூடாது. கோடு அழகாக வரும். கூடவே எடை குறைந்த குட்டியும், பிறந்த வாரத்திலேயே சாகும் குட்டியும் வரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பக்கத்து ஊர்க்காரரோடு கிடாவை மாற்றிக்கொள்ளுங்கள். தூய வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் வேண்டும் என்று தேடித் தேடிச் சேர்த்த இராசபாளையம் நாயில் காது கேளாத குட்டிகள் விழுவது நமக்குத் தெரியாத செய்தி இல்லை. ஆடு அந்த நிலைக்குப் போக வேண்டாம்.

கறுப்புக் கிடாவுக்கு ஏன் அந்த விலை?

கோயில் கொடைதான். சீவலப்பேரி தொடங்கி இந்த மாவட்டத்தில் சுடலைமாடன் இல்லாத ஊர் அரிது. கொடைக்கு நேர்ந்துவிடுகிற கிடாவுக்குச் சில குடும்பங்களில் நிறக் கட்டாயம் உண்டு: ஒரு வெள்ளை முடிகூட இல்லாத முழுக் கறுப்பு. கன்னி வயிற்றில் தற்செயலாக விழுந்த அந்தக் கறுப்புக் குட்டிக்கு இங்கேதான் மதிப்பு. குட்டியிலேயே விற்காமல், காயடிக்காமல், கொடை மாதம் வரை வைத்திருந்தால் கறிக்கடை விலைக்கு மேலே போகும். ஊரில் யார் வீட்டில் நேர்ச்சை பாக்கி இருக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொள்வது நல்ல வியாபாரம். சந்தைத் தரகும் மிச்சம்.

பக்ரீத் வியாபாரம் வேறு வகை. குர்பானிக்கு நிறம் நிபந்தனை இல்லை. வெள்ளாட்டுக்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். குருடு, நொண்டி, காது பெரிதாக அறுபட்டது, நோயால் மெலிந்தது ஆகாது. ஆகவே மேலப்பாளையத்தில் பக்ரீத்துக்கு முந்தைய வாரங்களில் வாயைத் திறந்து பல் பார்ப்பார்கள். கீழ்த்தாடையின் நடுவில் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் வயது ஒன்றைத் தாண்டிவிட்டது. நாலு பல் என்றால் ஏறக்குறைய இரண்டு. நிறம் நன்றாக இருந்து பல் போடாத கிடாவை இந்த வாரங்களில் கொண்டுபோய் அலையாதீர்கள்.

கறுப்புக் கிடா விலை ஏறும் காலத்தில் கறுப்புச் சாயமும் ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரத் துணியால் கழுத்தடியிலும் தொடையிலும் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். முடியைப் பிரித்து வேரைப் பாருங்கள். வேர் ஒரு நிறமும் நுனி இன்னொரு நிறமும் இருந்தால் காரணம் கேளுங்கள்.

காரணம் எப்போதும் சாயம்தான் என்று நினைக்க வேண்டாம். கறுப்பு ஆட்டின் முடி நுனி துருப்பிடித்தது போலச் செம்பட்டையாவது வெயிலாலும் வரும், தாமிரச் சத்துக் குறைவாலும் வரும். வெயிலால் என்றால் முதுகில் மட்டும் இருக்கும். உடம்பெங்கும் மங்கி, முடி சொரசொரப்பாகி, ஆடு மெலிந்தும் இருந்தால் தாதுக் கலவை தேவை. வெள்ளாட்டுக் கலவையைச் செம்மறிக்கு வைக்கக் கூடாது. வெள்ளாடு தாங்கும் தாமிரம் செம்மறியின் ஈரலில் சேர்ந்து அதைக் கொன்றுவிடும்.

வெயிலும் தோலும்

கறுப்பு ஆடு வெயிலை அதிகம் வாங்கும் என்பது உண்மை. சினாய், நெகேவ் பாலைவனத்துப் பெதூயின் மக்கள் வளர்க்கும் கறுப்பு வெள்ளாடுகளை வைத்து 1980-இல் ஓர் ஆய்வு வந்தது. கறுப்பு ஆடு வெள்ளை ஆட்டை விட வெப்பத்தை அதிகம் உள்வாங்குகிறது, அதைத் தணிக்க அதிக நீரையும் செலவழிக்கிறது. குளிர்காலத்தில் மட்டும் அந்தச் சூடு அதற்கு லாபம். நமக்குக் குளிர்காலம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆகவே கன்னி வளர்க்கிறவர்கள் சித்திரை, வைகாசியில் பதினொரு மணிக்கு மேல் உடை மரத்தடியிலோ வேப்ப மரத்தடியிலோ ஆட்டை மடக்குங்கள். நாலு மணிக்குப் பிறகு மீண்டும் ஓட்டலாம். தண்ணீர் இரண்டு வேளை போதாது.

வெள்ளை ஆட்டுக்கு வேறு தொல்லை. வெள்ளை முடிக்குக் கீழே தோலும் இளஞ்சிவப்பாக இருந்தால், அந்த இடம் வெயிலில் வெந்துவிடும். பாபநாசம், கடையம், அம்பாசமுத்திரம் பக்கத்து மலையடிவாரத்தில் உண்ணிச்செடி நிறைய. வேறு தழை கிடைக்காத காலத்தில் ஆடு அதைக் கடித்துவிடும். அதன் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். ஈரல் கெட்டால், தழையிலிருந்து வரும் ஒரு பொருள் வெளியேறாமல் இரத்தத்தில் சுற்றி, வெயில் பட்டவுடன் தோலைப் புண்ணாக்கும். கறுப்பு உள்ள இடத்துக்கு ஒன்றும் ஆகாது. கொடி ஆட்டின் காது நுனி, மூக்கு, மடி என்று வெளுத்த இடங்கள் மட்டும் வீங்கி, வெடித்து, தோல் உரியும். கண் மஞ்சளாகும். நிழலில் கட்டிவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். சொறி என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தால் ஆடு போய்விடும். அடிவாரத்தில் மேய்க்கிறவர்களுக்கு என் பரிந்துரை கன்னிதான். கொடியைக் கடலோரத்திலேயே விடுங்கள். கன்னியும் உண்ணிச்செடி தின்றால் ஈரல் கெடும், தோல் புண்தான் குறையும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டிய நிறம்

கண்ணுக்குள்ளே இருப்பது. மேலே சொன்ன எல்லா நிறத்தையும் விட்டுவிட்டாலும் இதை விடக் கூடாது.

ஆட்டின் தலையை இடது கையால் அணைத்துப் பிடியுங்கள். வலது கட்டைவிரலால் மேல் இமையை மெல்ல அழுத்தி மூடி, மற்ற விரலால் கீழ் இமையைக் கீழே இழுங்கள். உள்சவ்வு பிதுங்கி வெளியே வரும். வெளிச்சத்தில் பாருங்கள், உடனே பாருங்கள். பிடித்துக்கொண்டே நின்றால் நிறம் மாறிவிடும். இரண்டு கண்ணையும் பார்த்து, அதிகம் வெளுத்ததையே கணக்கில் எடுங்கள். இரத்தச் சிவப்பு என்றால் ஆடு நலம். இளஞ்சிவப்பு என்றால் யோசிக்க வேண்டும். வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தால், முகக் கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் கயிற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இது வெறும் கைப்பழக்கம் அல்ல. தென்னாப்பிரிக்காவில் ஃபாஃபா மாலன் என்ற கால்நடை மருத்துவர் இதை ஐந்து படி நிற அட்டையாக்கினார். அவர் பெயரை வைத்தே ஃபமாச்சா என்கிறார்கள். முதலில் செம்மறிக்காகச் செய்தது, வெள்ளாட்டுக்கும் பயன்படுகிறது. 4, 5 படியில் உள்ள ஆட்டுக்குக் கட்டாயம் புழு மருந்து. வெள்ளாடு என்றால் 3 படியிலேயே கொடுத்துவிடுவது நல்லது. எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் மருந்து ஊற்றினால் மருந்துக்குச் சாகாத புழு மட்டும் மிஞ்சும். வெளுத்ததற்கு மட்டும் கொடுப்பதே இந்த முறையின் பலன்.

நம் ஆற்றுப் பாசனப் பகுதிக்கு இது ஏன் முக்கியம் என்றால், கரிசலில் பிறந்த ஆட்டுக்கு ஈரப் புல் புதிது. பிசானம் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட வடக்கே இருந்து மந்தைகள் இறங்கி வரும். ஆற்றோரமும் வாய்க்கால் வரப்பும் பச்சையாக இருக்கும். மேயவும் நன்றாக மேயும். அந்தப் புல்லின் நுனியில் பனி ஈரத்தோடு ஏறி நிற்கும் புழுக்குஞ்சுகளும் உள்ளே போகும். நாலாம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் உருண்டைப்புழு ஒன்று. வாய்க்கால் நத்தை வழியாக வந்து ஈரலில் குடியேறும் தட்டைப்புழு இன்னொன்று. இரண்டும் கண்ணை வெளுக்க வைக்கும். தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை போல வீக்கம் வந்துவிட்டால் வெகுதூரம் போய்விட்டது என்று பொருள். விளாத்திகுளத்திலிருந்து கன்னி வாங்கி வந்து சேரன்மகாதேவியிலோ ஸ்ரீவைகுண்டத்திலோ வளர்க்கப் போகிறீர்கள் என்றால், வந்த நாளில் ஒருமுறை, பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இமையைப் பாருங்கள். பனி காயும் முன் வயலில் இறக்க வேண்டாம். மருந்தின் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். செம்மறிக்கு எழுதின அளவு வெள்ளாட்டுக்குப் பொருந்தாது. ராமையன்பட்டியில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுப் புழுக்கை கொஞ்சம் பொட்டலம் கட்டிக் கொண்டுபோய் எந்தப் புழு என்று பரிசோதித்துக் கொள்ளலாம்.

குறித்து வைப்பது

ஆடு திருட்டு இல்லாத ஊர் இல்லை. காவல் நிலையத்தில் "கறுப்பு ஆடு சார்" என்று சொன்னால் எழுதுகிறவருக்கே சலிப்பு வரும். கன்னிக் கோடும் கொடித் திட்டும் இங்கே உதவும். எந்த இரண்டு கொடி ஆட்டுக்கும் திட்டு ஒன்றுபோல் இருக்காது. கன்னியிலும் கோடு கண்ணுக்கு அருகே விரிவது, நடுவில் அறுபடுவது, மூக்கோரம் எட்டாமல் நிற்பது என்று ஆட்டுக்கு ஆடு வேறுபடும். வாங்கிய அன்றே செல்போனில் இடப்பக்கம், வலப்பக்கம், நேர் முகம் மூன்று படம் எடுங்கள். பால்குட்டியின் முடி உதிர்ந்து நிறம் மாறக்கூடும் என்பதால் ஆறு மாதத்தில் மறுபடி எடுங்கள். முழுக் கறுப்பு ஆட்டுக்கு இது பயன்படாது. அதற்குக் காதில் வெட்டு அடையாளமோ வில்லையோதான் வழி. அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் மாட்டும் வில்லையில் 12 இலக்க எண் இருக்கும். அதையும் படத்தில் தெரியும்படி எடுத்துக்கொள்ளுங்கள். காதை வெட்டுவதானால் சிறு கொத்தாக, குட்டியிலேயே வெட்டுங்கள். பெரிதாக அறுத்த காது பக்ரீத் சந்தையில் விலையை இறக்கிவிடும்.

நோட்டில் ஒவ்வொரு பெட்டைக்கும் ஒரு பக்கம் போதும்: எந்தக் கிடாவோடு எந்தத் தேதியில் சேர்ந்தது, 150 நாள் கழித்து எத்தனை குட்டி, ஒவ்வொன்றும் என்ன நிறம், அன்றைக்கு இமை எப்படி இருந்தது. மூன்று ஈற்றுக்குப் பிறகு அந்த நோட்டைப் புரட்டிவிட்டுச் சந்தைக்குப் போங்கள்.